காருக்குள் என்ன காற்று?

(மும்பை தாராவியில், கற்போர் மையத்துக்கு வந்த டிரைவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் ஒரு தொண்டர் பேசியது)

 

இன்று பாடம் இல்லை. கடைசியில் மட்டும் பலகையில் கொஞ்சம் எழுதுவோம். அதுவரை நான் பேசுகிறேன். சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள். நடுவில் கேட்டாலும் தப்பில்லை.

எதைப் பற்றிப் பேச்சு? காற்றைப் பற்றி. தெருவில் இருக்கும் காற்று இல்லை. காருக்குள் இருக்கும் காற்று.

"நம்மகிட்ட கார் ஏது?" என்று பின்னால் ஓர் அத்தை சிரிக்கிறார். சரிதான். இந்த 90 அடி சாலைப் பக்கம் சொந்தக் கார் வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஆனால் காருக்குள் அதிக நேரம் இருப்பவர் யார்? முதலாளி காலையில் அரை மணி நேரம் உட்காருவார். மாலையில் அரை மணி நேரம். வண்டி ஓட்டும் மாமா 12 மணி நேரம் உட்காருகிறார். சில ராத்திரி அதிலேயே தூங்குகிறார். கார் முதலாளியுடையது. அதற்குள் இருக்கும் காற்று யார் நெஞ்சுக்குள் போகிறது?

இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று சொல்கிறேன். நம் வகுப்புக்கு வரும் ஒரு மாமா டாக்சி ஓட்டுகிறார். போன மாதம் ஒருநாள் மிகவும் சந்தோஷமாக வந்தார். "பாப்பா, போனில் வந்த சேதியை நானே முழுசா வாசிச்சேன்" என்றார். எழுத்துக் கூட்டிக் கூட்டி எங்கள் எல்லோருக்கும் வாசித்தும் காட்டினார். நாங்கள் கை தட்டினோம்.

ஆனால் அவர் முகத்தில் பயம் இருந்தது. சேதி அப்படி. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏ.சி. போடாதே. டாஷ்போர்டில் இருந்து பென்சீன் என்ற விஷம் வருகிறது. புற்றுநோய் வரும். எல்லோருக்கும் இதை அனுப்பு. அதில் கிலோ, கிராம் போல நிறைய எண்கள் வேறு இருந்தன.

"இது நெசமா பாப்பா? நான் முப்பது வருஷமா வண்டிக்குள்ள இருக்கேனே" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். டாக்டர் இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். விசாரித்தேன், படித்தேன். அதைத்தான் இன்று சொல்கிறேன்.

புதிய காரில் ஏறினால் ஒரு வாசனை வரும். உங்களுக்கெல்லாம் தெரியும். சிலருக்கு அது மிகவும் பிடிக்கும். முதலாளி புதுவண்டி வாங்கினால் கண்ணை மூடி அதை மோந்து பார்ப்பார். அது என்ன வாசனை? பூவா, பழமா? இல்லை. பிளாஸ்டிக், ரப்பர், பசை, பெயிண்ட், சீட்டுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு, இவற்றில் இருந்து வரும் ஆவி அது. ஈரத்துணியில் இருந்து தண்ணீர் ஆவியாவது போல, இவற்றில் இருந்தும் ரசாயனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக் காற்றில் கலக்கின்றன. பார்மால்டிஹைடு, டொலுவீன், சைலீன், பென்சீன் என்று அவற்றுக்குப் பெயர். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வாயில் நுழையாவிட்டாலும் மூக்கில் நுழைந்துவிடும்!

ஈரத்துணி எப்போது சீக்கிரம் காயும்? வெயிலில். காரிலும் அப்படித்தான். சூடு ஏற ஏற ஆவியும் அதிகம் வரும். வெளியே 35 டிகிரி வெயில் என்றால், கண்ணாடி மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். டாஷ்போர்டைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டில் குழந்தையை விட்டுப் போனால் ரசாயனம் வரை போகவே வேண்டாம், சூடே உயிரை எடுத்துவிடும். ஐந்து நிமிட வேலை என்றாலும் குழந்தையைக் கூடவே தூக்கிக்கொண்டு போங்கள்.

இதைப் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சீனாவில் ஒரு புதிய காரை 12 நாட்கள் வெட்டவெளியில் நிறுத்தி உள்ளே இருந்த காற்றைச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2023-ஆம் ஆண்டு வெளிவந்தது. பார்மால்டிஹைடு என்ற ரசாயனம், சீன அரசு வைத்த அளவைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. பார்மால்டிஹைடு கண்ணை எரிக்கும், தொண்டையை அறுக்கும். நீண்ட காலம் அதிகமாகச் சுவாசித்தால் புற்றுநோய் வரலாம். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதை உறுதியாகச் சொன்னது.

அமெரிக்காவில் 101 கார்களைச் சோதித்தார்கள். அது 2024-இல் வெளிவந்தது. சீட்டு ஸ்பாஞ்சு சீக்கிரம் தீப்பிடிக்காமல் இருக்க அதில் சில ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். அவற்றில் ஒன்று 100-க்கு 99 கார்களின் காற்றில் இருந்தது. குளிர்காலத்தைவிடக் கோடையில் 2 முதல் 5 மடங்கு அதிகமாக இருந்தது. எல்லாம் சூடு செய்யும் வேலை.

அப்படியென்றால் மாமாவுக்கு வந்த சேதி உண்மையா?

பாதி உண்மை. பாதி பயமுறுத்தல். எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? அந்த எண்களை வைத்துத்தான். அதில் ஒரு சதுர அடிக்கு இத்தனை மில்லிகிராம் பென்சீன் என்று போட்டிருந்தது. சதுர அடி என்றால் என்ன? இங்கே எல்லோருக்கும் தெரியும். பத்துக்குப் பத்து வீடு என்றால் 100 சதுர அடி. வாடகை பேசும்போது கேட்கிறோமே, அது. அது தரையை அளக்கும் அளவு. காற்றைத் தரை போல அளக்க முடியுமா? காற்று நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நிறைந்திருக்கிறது. அதைக் கன மீட்டரில் அளப்பார்கள். காற்றைச் சதுர அடியில் அளந்தவர் காற்றையே அளக்கவில்லை என்று எனக்குப் புரிந்துபோயிற்று. இந்தச் சேதி பத்துப் பதினைந்து வருடங்களுக்கும் மேலாக உலகம் சுற்றுகிறது. மொழி மட்டும் மாறுகிறது.

ஜெர்மனியில் மியூனிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு புதிய கார், ஒரு மூன்று வருடக் கார். இரண்டையும் பெரிய விளக்குகளால் சூடாக்கி உள்ளே இருந்த காற்றை எடுத்தார்கள். புதிய காரில் ரசாயன ஆவி எட்டு மடங்குக்கும் மேல் அதிகமாக இருந்தது. ஆனால் அந்தக் காற்றை உயிரணுக்கள் மீது செலுத்திப் பார்த்தபோது அவை உடனே சாகவில்லை. அலர்ஜி உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் கூடலாம் என்று மட்டும் தெரிந்தது.

அதனால் ஏ.சி. போட்ட உடனே யாரும் சாக மாட்டார்கள். வண்டி பழசாகப் பழசாக அந்த ஆவியும் குறையும். ஆனால் தினமும், வருடக்கணக்கில், மூடிய வண்டியில் சுவாசிப்பவருக்கு அது நல்லதில்லை. அளவு கொஞ்சம்தான், நேரம் அதிகம். டிரைவரின் கணக்கு முதலாளியின் கணக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சேதியை வாசிக்கும்போது அவர் கையில் பீடி இருந்தது. டாஷ்போர்டு பென்சீனுக்குப் பயப்படுகிறோம். பீடிப் புகையிலும், சிகரெட் புகையிலும் பென்சீன் இருக்கிறது, பார்மால்டிஹைடும் இருக்கிறது. கண்ணாடி மூடிய வண்டிக்குள் பீடி பிடித்தால் டாஷ்போர்டு எல்லாம் ஒன்றுமே இல்லை. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். மெக்கானிக் கடையில் வேலை செய்யும் தம்பிகளுக்கும் சொல்கிறேன். பெட்ரோலிலும் பென்சீன் இருக்கிறது. டியூபை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சாதீர்கள். கிரீஸ் போகக் கையைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். சோப்பு போதும்.

சரி, வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் என்ன செய்வது? சேதியில் இருந்த ஒரே நல்ல விஷயம் இதுதான். நான்கு கதவையும் திறந்து வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். பிறகு ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். சூட்டுக்காற்று போனபின் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போடலாம். ஏ.சி.யும் சீக்கிரம் குளிரும். முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள். முன் கண்ணாடிக்கு ஓர் அட்டையாவது வையுங்கள். சீட்டும் டாஷ்போர்டும் சூடாகாமல் இருப்பதுதான் முக்கியம்.

அடுத்தது ஏ.சி. பக்கத்தில் இருக்கும் ஒரு பொத்தான். அதில் எழுத்து இருக்காது. படம் இருக்கும். கார் படம் போட்டு, அதற்குள்ளே ஓர் அம்பு வளைந்து திரும்பும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். பல வண்டிகளில் இன்னொரு படமும் உண்டு. வெளியில் இருந்து ஓர் அம்பு காருக்குள் வரும். அது வெளிக்காற்றை எடுக்கும். படம் வாசிப்பதும் வாசிப்புதான்.

எதை எப்போது போடுவது? சயான் சிக்னலில் லாரிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். லாரி கறுப்பாகப் புகை விடுகிறது. அப்போது வளைந்த அம்பு. புகை உள்ளே வருவது குறையும். ஆனால் அதையே மணிக்கணக்கில் விட்டால்? நான்கு பேர் விடும் மூச்சுக்காற்று வெளியே போக வழியில்லை. அரை மணி நேரத்துக்குள் அது பல மடங்கு சேர்ந்துவிடும். தலை கனக்கும், கொட்டாவி வரும், தூக்கம் கண்ணைச் சொருகும். தூரப் பயணத்தில் "ஏ.சி. போட்டாலே தூக்கம் வருது" என்று நாம் குளிர்ச்சியைக் குறை சொல்கிறோம். பாதிக் குற்றம் இந்தப் பொத்தானுடையது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிக்காற்றை உள்ளே விடுங்கள்.

பழைய கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சியில் இந்தக் கவலையே இல்லை. ஏ.சி. கிடையாது, கண்ணாடி எப்போதும் திறந்தே இருக்கும். தெருப்புகை எல்லாம் முகத்தில் அடிக்கும், அது வேறு விஷயம். 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சியும் ஓய்வு பெற்றுவிட்டது. என் அப்பாவும் முதலில் அதைத்தான் ஓட்டினார். பிறகு ஏ.சி. போட்ட டூரிஸ்ட் காருக்கு மாறினார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். இதுவரை சொன்னது எல்லாம் வாசனை உள்ள ரசாயனம். இனி சொல்லப் போவது வாசனையே இல்லாத ஒன்று.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா ராத்திரி சவாரிக்காக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். பிளைட் தாமதம். மே மாதம், ஒரே புழுக்கம், கொசு வேறு. கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுச் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார். எத்தனை டிரைவர்கள் அப்படித் தூங்குகிறார்கள்! வண்டிக்குப் பின்னால் ஒட்டிச் சுவர் இருந்தது.

அந்த வண்டியின் புகைக் குழாயில் அடியில் ஓட்டை. அப்பா இரண்டு முறை முதலாளியிடம் சொன்னார். "ஓடுதுல்ல, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்து வண்டி டிரைவர் தீப்பெட்டி கேட்டுக் கண்ணாடியைத் தட்டினார். அப்பா எழுந்திருக்கவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினார். அப்பா கண்ணைத் திறந்தார், ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. கதவுப் பூட்டை எப்படித் திறந்தாரோ அவருக்கே தெரியாது. கீழே விழுந்தார், வாந்தி எடுத்தார். தலை வெடிப்பது போல வலி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா?"

அந்த வாயுவின் பெயர் கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல், டீசல், கேஸ், விறகு, கரி, எது சரியாக எரியாவிட்டாலும் அது உண்டாகும். நிறம் இல்லை. வாசனை இல்லை. கண் எரியாது. இருமல் வராது. அது வந்ததே தெரியாது.

அது என்ன செய்கிறது? டிரைவர்களுக்குப் புரியும்படி டாக்டர் அப்பாவிடம் சொன்னார். நம் இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. அவை டாக்சி மாதிரி. நுரையீரல் ஸ்டாண்டில் பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு போய் மூளையிலும் இதயத்திலும் இறக்கிவிடும். திரும்பி வந்து மறுபடி ஏற்றும். கார்பன் மோனாக்சைடு ஒரு முரட்டுச் சவாரி. பிராண வாயுவைத் தள்ளிவிட்டு அது ஏறிக்கொள்ளும். ஏறினால் இறங்காது. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். டாக்சி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மூளைக்குப் போக வேண்டியவர் ஸ்டாண்டிலேயே நிற்பார்.

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி, மயக்கம். தூங்குகிறவருக்கு இந்த அறிகுறி எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே போய்விடுவார்.

நம் வீட்டுச் சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் அடிக்கிறதே? அது கேஸின் சொந்த நாற்றம் இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனியில் வேண்டுமென்றே நாற்ற மருந்து சேர்க்கிறார்கள். டாக்சிக்குப் போடும் சி.என்.ஜி.யிலும் அப்படித்தான். ஆனால் அது இன்ஜினில் எரிந்து புகையாக வெளியே வரும்போது, அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றம் சேர்க்க யார் இருக்கிறார்கள்? "கேஸ் வண்டி சுத்தமான வண்டி, ஒன்றும் ஆகாது" என்று நினைக்காதீர்கள்.

2022 ஜனவரியில் பாகிஸ்தானில் முரீ என்ற மலை ஊரில் பனி கொட்டியது. சுற்றிப் பார்க்க வந்தவர்களின் கார்கள் சாலையிலேயே மாட்டிக்கொண்டன. குளிர் தாங்காமல் இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடிப் படுத்தார்கள். பனி புகைக் குழாயை அடைத்துவிட்டது. 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சிலர் குளிரால், பலர் இந்த வாயுவால். குழந்தைகளும் அதில் உண்டு.

நமக்குப் பனி இல்லை. ஆனால் 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை என்ற ஊரில் சாலையோரம் ஒரு கேரவன் வண்டி நின்றது. சினிமாக்காரர்கள் உடை மாற்ற, ஓய்வெடுக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி வண்டி. அதற்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். இருவரும் வண்டியோடு வந்த வேலையாட்கள். உள்ளே ஏ.சி. ஓட ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தார்கள். அதன் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிட்டது என்று பிறகு சோதித்துப் பார்த்தபோது தெரிந்தது. வண்டிக்குள் படுத்துத் தூங்கினார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

"பி.யூ.சி. சீட்டு இருக்கே பாப்பா, அது போதாதா?" என்று ஓர் அண்ணன் கேட்கிறார். நல்ல கேள்வி. பி.யூ.சி. சோதனையில் புகைக் குழாயின் வாயில் குச்சியை விட்டு, வெளியே வரும் புகையை அளக்கிறார்கள். குழாயின் நடுவில் ஓட்டை இருந்து உங்கள் காலுக்கடியில் கசிந்தால் அந்தச் சீட்டு காட்டாது. அதை மெக்கானிக் வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். வண்டிச் சத்தம் திடீரென்று கூடினால் சைலன்சர் பக்கம் பாருங்கள். வண்டிக்குள் புகை வாடை அடித்தால் பாருங்கள். வண்டியின் தரையில் துரு ஏறி ஓட்டை விழுந்திருந்தாலும் பாருங்கள். ஓட்டும்போது மட்டும் தலைவலி, இறங்கியதும் சரியாகிறது என்றால் அது வெயில் தலைவலியாக இல்லாமல் இருக்கலாம்.

புதிய வண்டிகளில் இந்தப் புகை குறைவுதான். 1995-இல் மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி கட்டாயமானது. கேடலிடிக் கன்வெர்ட்டர் என்பார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் அந்தப் பெட்டியைக் கெடுத்துவிடும். ஈயம் குழந்தைகளின் மூளையையும் கெடுக்கும். 2000 பிப்ரவரியில் இருந்து நாடு முழுதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. சட்டம் போட்டால் நடக்கிறது பாருங்கள். ஆனால் அந்தப் பெட்டி சூடான பிறகுதான் சரியாக வேலை செய்யும். பழசானால், உடைந்தால் வேலை செய்யாது. அதை நம்பித் தூங்கக் கூடாது.

அதனால் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். இன்ஜினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்காதீர்கள். மூடிய ஷெட்டில் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள். சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகை திரும்பி வரும். சாமான் அதிகம் என்று டிக்கியைத் திறந்தபடி ஓட்டாதீர்கள், வண்டி போகும் வேகத்தில் பின்னால் போகும் புகை உள்ளே இழுக்கப்படும். மழைத் தண்ணீரில் புகைக் குழாய் மூழ்கினால் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். நம் ஊர் மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா!

புழுக்கத்துக்கு என்ன செய்வது? இன்ஜினை அணைத்து, எதிரெதிராக இரண்டு கண்ணாடியை இறக்குங்கள். கொசுவுக்குக் கண்ணாடியில் மாட்டும் வலைத் துணி கடையில் கிடைக்கிறது. வீட்டில் கிழிந்த கொசுவலையை வெட்டி அக்கா தைத்துக் கொடுத்தாலும் போதும். கொசுவர்த்திச் சுருளைக் காருக்குள் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையும் நெஞ்சுக்குள்தான் போகும்.

ஊதுபத்தி? இதைச் சொன்னால் என் அம்மாவே என்னை அடிக்க வருவார். காலையில் வண்டியில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டாமல் அப்பா கிளம்ப மாட்டார். காட்டுங்கள். கதவைத் திறந்து வைத்துக் காட்டுங்கள். புகை போனபின் கதவை மூடுங்கள். சாமி ஒன்றும் சொல்லாது.

டாஷ்போர்டில் ஒட்டும் சென்ட் பாட்டிலும் ஒரு ரசாயனம்தான். அது காற்றைச் சுத்தம் செய்யாது, நாற்றத்தை மறைக்கும். சிலருக்கு அதிலேயே தலைவலி வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இழுக்கும். நாற்றம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பல வண்டிகளில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டியின் பின்புறம் ஏ.சி. பில்டர் இருக்கும். கழற்றிப் பாருங்கள். கறுத்துப்போய் இலையும் தூசியுமாக இருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். ஆனால் அது தூசியைத்தான் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது.

யாராவது வண்டிக்குள் மயங்கிக் கிடந்தால்? கதவைத் திறங்கள். திறக்காவிட்டால் கண்ணாடியை உடையுங்கள். முதலாளி திட்டினால் திட்டட்டும். இன்ஜினை அணையுங்கள். ஆளை வெளியே இழுத்துக் காற்றோட்டமான இடத்தில் கிடத்துங்கள். 108-க்குப் போன் போடுங்கள். "இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, புகை உள்ளே போயிருக்கலாம்" என்று கட்டாயம் சொல்லுங்கள். ஏன் தெரியுமா? கொரோனா காலத்தில் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்களே, அது இந்த விஷயத்தில் ஏமாற்றும். முரட்டுச் சவாரி ஏறிய டாக்சியையும் நல்ல சவாரி ஏறியதாகவே அது எண்ணிவிடும். 98, 99 என்று காட்டும். இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். வெறும் காற்றைச் சுவாசித்தால் அந்த வாயுவில் பாதி வெளியேற நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். அதனால்தான் ஆஸ்பத்திரி.

அப்பாவுக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்தார். ஆனால் ஒரு மாதம் எதை எங்கே வைத்தோம் என்பதே மறந்து மறந்து போகும். சவாரிக்குப் போகவில்லை. முதலாளி அந்த மாதச் சம்பளம் தரவில்லை. வேறு டிரைவரை வைத்தார். ஓட்டை விழுந்த அதே வண்டிதான்.

ராத்திரி டிரைவர்கள் ஏன் காருக்குள் தூங்குகிறார்கள்? ஆசையா? பயணியைக் கொண்டுவிடும் இடத்தில் அவருக்கு ஹால் உண்டு, சோபா உண்டு, காபி உண்டு. கூட வந்த டிரைவருக்கு ஒரு பாயும் மின்விசிறியும் உள்ள அறை எத்தனை இடத்தில் இருக்கிறது? இதை நாம் கேட்கத்தான் வேண்டும். சங்கத்தில் உள்ளவர்கள் அங்கே கேளுங்கள்.

ஓட்டை விழுந்த வண்டியைப் பற்றி அப்பா வாயால்தான் சொன்னார். பிறகு முதலாளி, "என்னிடம் சொல்லவே இல்லை" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரியும். அதனால் இன்று ஒரு கடிதம் எழுதுவோம். முதலாளிக்குத் தமிழ் தெரியாதே என்கிறீர்கள். நீங்கள் தமிழில் எழுதுங்கள், அதற்குக் கீழே நான் இந்தியில் எழுதித் தருகிறேன். இரண்டு பிரதி. ஒன்று அவருக்கு. ஒன்று உங்கள் சட்டைப்பையில். வண்டியில் கோளாறு இல்லாதவர்களும் எழுதிப் பழகுங்கள்.

நோட்டை எடுங்கள். நான் பலகையில் எழுதுகிறேன்.

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் காரை ஓட்டுகிறேன். காரின் அடியில் புகைக் குழாயில் ஓட்டை இருக்கிறது. புகை உள்ளே வருகிறது. ஓட்டும்போது எனக்குத் தலை வலிக்கிறது. பயணிகளுக்கும் இது ஆபத்து. இந்த வாரத்துக்குள் சரிசெய்து தாருங்கள்.

இப்படிக்கு,

இங்கே உங்கள் பெயர். தேதி போட மறக்காதீர்கள். மை டப்பாவைத் தேடாதீர்கள் மாமா, பேனாவைப் பிடியுங்கள்.